மேசைக் கணினி எழவில்லை: நாமே பார்ப்பதா, கடையில் கொடுப்பதா, மாற்றிவிடுவதா?

சென்ற ஆண்டு ஆடிக் கடைசியில், ஆவணி முகூர்த்தங்களுக்கான கல்யாணப் பத்திரிகைகள் வரிசையாக அச்சுக்குப் போக வேண்டிய வாரத்தில், அருப்புக்கோட்டையில் சிறிய அச்சகம் நடத்தும் என் தாய்மாமா காலை ஏழு மணிக்கே அழைத்தார். "மாப்ளே, சிபியு ஓடுது, ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே மட்டும் வரல. சர்வீஸ் பாக்குற தம்பி வந்து பாத்துட்டு, மதர்போர்டு போயிருச்சு, இதுக்கு மேல செலவு பண்ணாம புதுசா வாங்கிருங்கன்னு சொல்றாரு. நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். 2014இல் வாங்கிய கணினி அது. நான்காம் தலைமுறை ஐ3 பிராசஸர், எச்81 போர்டு, இரண்டு டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பதினோரு வயதான இயந்திரத்தை மாற்றச் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அதற்குள் பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் 7 இருந்தது. பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்து வைத்த பத்தாண்டுப் பத்திரிகைகள் இருந்தன. அந்த எழுத்துரு மென்பொருளைத் திறக்கும் டாங்கிள், பின்புறத்தில் இருந்த பழைய பிரின்டர் போர்ட்டில் செருகியிருந்தது.

இப்படி ஒரு காலை வரும்போது நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. கேபினெட்டைத் திறந்து நாமே பார்க்கலாம். சர்வீஸ் கடையில் கொடுக்கலாம். பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம். கணினியையே மாற்றிவிடலாம், அதிலும் புதிது, பழையது என்று இரு கிளைகள் உண்டு. பலரும் இந்த நான்கையும் செலவை மட்டும் வைத்து ஒப்பிடுகிறார்கள். என் அனுபவத்தில் செலவு மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. இயந்திரம் எந்தப் படியில் நின்றுபோகிறது என்பது முதல் கேள்வி. உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு வேறெங்காவது நகல் உண்டா என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்த பிறகு, நான்கில் இரண்டு வழிகள் பெரும்பாலும் தாமாகவே விலகிவிடும்.

பொத்தானை அழுத்தியதில் இருந்து விண்டோஸ் திரை வரும் வரை கணினி பல படிகளைக் கடக்கிறது. எஸ்எம்பிஎஸ், அதாவது பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி, சரியான மின்னழுத்தங்களைக் கொடுத்து, "எல்லாம் சரி" என்று மதர்போர்டுக்கு ஒரு சைகை அனுப்ப வேண்டும். அதன்பின் பிராசஸர் விழித்து, போர்டில் உள்ள சிப்பில் இருந்து பயாஸ் என்ற தொடக்க நிரலை ஓட்டத் தொடங்கும். பயாஸ் ராமைச் சோதித்து, திரையை எழுப்பி, கீபோர்டையும் டிஸ்க்கையும் தேடும். டிஸ்க்கில் விண்டோஸை எழுப்பும் பூட்லோடரைக் கண்டால் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கும். அதற்குப் பிறகே விண்டோஸ் வருகிறது. "ஆன் ஆகவில்லை" என்ற ஒரே சொல்லை இந்த எல்லாப் படிகளுக்கும் பயன்படுத்துகிறோம். அதனால்தான் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு பட்டன் செல்லில் முடிய வேண்டிய வேலை சில நேரங்களில் புதிய கணினியில் போய் முடிகிறது.

முதலில், உயிரே இல்லாத நிலை. பொத்தானை அழுத்தினால் ஃபேன் சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை என்றால், கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் நாமே பார்ப்பதுதான் சிறந்தது. ஏனென்றால் இங்கே வரும் காரணங்களில் பல கேபினெட்டுக்கு வெளியே இருக்கின்றன. யுபிஎஸ்ஸை விலக்கிவிட்டு நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகிப் பார்க்க வேண்டும். பாட்டரி செத்த யுபிஎஸ், பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே, கணினி எழும் நொடியில் கேட்கும் மின்சாரத்தைத் தர முடியாமல் விழுந்துவிடுவது உண்டு. பவர் கார்டை மாற்றிப் பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கச் சுவிட்சைத் துடைக்கும்போது யாரோ அணைத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். கேபினெட்டின் முன்பக்கப் பொத்தானே பழுதாகியிருக்கலாம். மதர்போர்டில் அந்தப் பொத்தானின் வயர் செருகியிருக்கும் இரண்டு பின்களை ஒரு ஸ்குரூ டிரைவரின் நுனியால் ஒரு கணம் தொட்டால், பொத்தான் இல்லாமலே கணினி எழுகிறதா என்பது தெரிந்துவிடும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் உயிர் வராவிட்டால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மீது திரும்புகிறது. மதர்போர்டில் செருகியிருக்கும் 24 பின் கனெக்டரைக் கழற்றி, அதில் பச்சை வயரையும் ஏதாவது ஒரு கருப்பு வயரையும் ஒரு கிளிப்பால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் தனியாகவே ஓடத் தொடங்கும். வயர்கள் எல்லாம் ஒரே கருப்பாக வரும் புதிய எஸ்எம்பிஎஸ்களில் பச்சை வயரின் இடம் 16ஆம் பின். இந்தச் சோதனையை நம்பி ஏமாந்தவர்கள் பலர். ஃபேன் சுற்றாவிட்டால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். ஆனால் சுற்றினால் அது நன்றாக இருக்கிறது என்று பொருளாகாது. சுமை ஏறும்போது மின்னழுத்தம் சரிகிறதா என்பதை மல்டிமீட்டர்தான் சொல்லும். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் என்பவை வரம்புகள். மீட்டர் இல்லாதவருக்கு இங்கே கடைதான் சரியான வழி. கடையில் வேலை செய்யும் இன்னொரு எஸ்எம்பிஎஸ் கையிருப்பில் இருக்கும். அதைச் செருகிப் பார்த்து ஐந்து நிமிடத்தில் விடை சொல்லிவிடுவார்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்ற கேள்வியில் எனக்குத் தயக்கமே இல்லை: மாற்றுங்கள், எக்காரணம் கொண்டும் வீட்டில் அதைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கிச் சேமிக்கும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சற்று நேரம் அங்கேயே இருக்கும். உயிரைப் பறிக்கப் போதுமான மின்சாரம் அது. மாற்றும்போது கேபினெட்டோடு இலவசமாக வந்த வகையையே மீண்டும் வாங்காமல், வாரண்டி தரும் ஒன்றை வாங்குவது நல்லது. மலிவான எஸ்எம்பிஎஸ் சாகும்போது தனியாகச் சாவதில்லை. சில நேரம் மதர்போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்தே கொண்டுபோகிறது.

அடுத்த நிலை மாமா சொன்னது: ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு. சர்வீஸ் உலகில் "டிஸ்ப்ளே வரல" என்று ஒரே பெயரில் வழங்கும் இந்த நிலைதான் அதிகமாகத் தவறாகத் தீர்ப்பளிக்கப்படுவது, இதில்தான் நாமே பார்ப்பதற்கும் உடனே மாற்றுவதற்கும் இடையிலான வேறுபாடு மிகப் பெரியது. மானிட்டர் கேபிள் தளர்ந்திருப்பது, தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் கேபிளை மதர்போர்டு போர்ட்டில் செருகியிருப்பது, பிராசஸருக்கு அருகில் தனியாகச் செருக வேண்டிய 4 பின் அல்லது 8 பின் பவர் கனெக்டர் விலகியிருப்பது போன்றவற்றைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இவற்றுக்கு அடுத்து நிற்பது ராம்.

அன்று மாலை மாமாவின் அச்சகத்தில் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியபோது, காகிதத் தூசு பஞ்சுபோல் பிராசஸர் ஃபேனைச் சுற்றிப் படிந்திருந்தது. பவர் கார்டைப் பிடுங்கி, பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக் கைகளில் இருந்த நிலைமின்சாரத்தையும் இறக்கிக்கொண்டேன். பிறகு ராம் இரண்டையும் கழற்றி எடுத்துவிட்டு, போர்டில் ஒரு சிறிய பீப் ஸ்பீக்கரைச் செருகி, ராமே இல்லாமல் கணினியை ஆன் செய்தேன். சில நொடிகளில் பீப், பீப், பீப் என்று அது கத்தியது. மாமா முகம் சுளித்தார்; எனக்கோ அன்றைய நாளின் மிக நல்ல ஓசை அதுதான். ராம் இல்லை என்று கத்த வேண்டுமானால், பிராசஸர் விழித்திருக்க வேண்டும், பயாஸ் நிரலைப் படித்திருக்க வேண்டும், ராம் ஸ்லாட்டைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும். செத்துப்போன மதர்போர்டால் அதைச் செய்ய முடியாது. மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் அந்த ஸ்பீக்கர், "மதர்போர்டு போயிருச்சு" என்ற தீர்ப்பை அரை நிமிடத்தில் தள்ளுபடி செய்தது.

ராமின் தங்கநிறப் பற்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, சில பற்களின் மேல் மங்கிய பழுப்புப் படலம் தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளை அழிப்பானால் இருபுறமும் மெதுவாக, ஒரே திசையில் தேய்த்து, துகள்களைப் பிரஷால் தட்டிவிட்டு, ஸ்லாட்டின் உள்ளே சேர்ந்திருந்த தூசையும் ஊதி எடுத்தேன். பிறகு ஒரே ஒரு ராமை மட்டும், அதுவரை இருந்த ஸ்லாட்டில் அல்லாமல் மற்ற ஸ்லாட்டில், இருபுறத் தாழ்களும் 'டக்' என்று விழும் வரை அழுத்திச் செருகினேன். திரை வந்தது. தேதி, போர்டு தயாரான ஆண்டுக்கே திரும்பிப் போயிருந்தது. எஃப்1 அழுத்தச் சொல்லி பயாஸ் காத்திருந்தது. போர்டில் தேதியைக் காத்து வைக்கும் சிஆர்2032 பட்டன் செல்லின் உயிர் போயிருந்ததுதான் அதற்குக் காரணம். மூன்று வோல்ட் காட்ட வேண்டிய செல், மீட்டரில் இரண்டைக்கூடத் தொடவில்லை. கைக்கடிகாரக் கடையிலேயே அது கிடைத்தது.

இந்தப் படியில் நாமே பார்ப்பதற்கு நான் வைக்கும் எல்லை ஒரு மணி நேரம். தூசு தட்டுவது, ராமை ஒவ்வொன்றாக ஸ்லாட் மாற்றிப் பார்ப்பது, செல்லை மாற்றி பயாஸ் அமைப்பைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருவது, கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கழற்றிவிட்டு மதர்போர்டு போர்ட்டில் மானிட்டரைச் செருகிப் பார்ப்பது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். இவற்றுக்கும் அசையாவிட்டால் அடுத்து வேண்டியது, வேலை செய்யும் மாற்றுப் பாகங்கள். பிராசஸரா, போர்டா என்பதை வேறு பிராசஸரை வைத்துப் பார்த்தே பிரிக்க முடியும். அவை வீட்டில் இருப்பதில்லை, கடையில் இருக்கின்றன. பிராசஸரைக் கழற்றும்போது போர்டில் உள்ள மெல்லிய பின்கள் வளைந்துவிட்டால், இல்லாத பழுதை நாமே உண்டாக்கியவர்களாவோம். கடையின் உண்மையான பலம் இந்த மாற்றுப் பாகங்களே. அதற்காகக் கொடுக்கும் கூலி நியாயமான கூலி. கொடுக்கும்போது "என்ன சோதித்துப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்" என்று கேளுங்கள். வேறு ராம் போட்டுப் பார்த்தோம், வேறு எஸ்எம்பிஎஸ் போட்டுப் பார்த்தோம் என்று விடை வந்தால் அந்தக் கடையை நம்பலாம். கேபினெட்டையே திறக்காமல் சொன்ன தீர்ப்பை எவர் சொன்னாலும் இன்னொருவரிடம் காட்டிய பிறகே ஏற்க வேண்டும்.

சமீபத்திய போர்டுகளில் இந்த வேலை எளிது. பிராசஸர், ராம், கிராபிக்ஸ், பூட் ஆகிய நான்குக்கும் நான்கு சிறிய விளக்குகளைப் பல போர்டுகளில் வைத்திருக்கிறார்கள். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அந்தப் படியில் கணினி நின்றிருக்கிறது.

மாமாவின் கணினியில் திரை வந்ததோடு கதை முடியவில்லை. விண்டோஸ் சின்னம் தோன்றி, புள்ளிகள் சுழன்று, இருபது நிமிடம் ஆகியும் உள்ளே போகவில்லை. காதை வைத்துக் கேட்டால் ஹார்ட் டிஸ்க் ஒரே இடத்தில் தடுமாறித் தடுமாறிப் படிக்கும் ஓசை. முதல் நிலையைப் பற்றி நான் எழுதியதைவிட அழுத்தமாக எழுத வேண்டிய இடம் இது. இதுவரை ஒப்பிட்டவை இயந்திரத்தின் பாகங்கள். கடையில் மீண்டும் வாங்கக் கூடியவை. இனி வருபவை வாங்கக் கிடைக்காதவை.

டிஸ்க் தொடர்பான பழுதில் நம் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் தீர்வு, "ஃபார்மேட் போட்டு ஓஎஸ் ஏத்திரலாம்" என்பது. வேகமானது, கூலி குறைவு, மாலையே கணினி கைக்கு வந்துவிடும். டிஸ்க் ஆரோக்கியமாக இருந்து, கோப்புகளுக்கு நகலும் இருந்தால் அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தேய்ந்துவரும் டிஸ்க்கில் ஃபார்மேட் போடுவது, இருந்த கோப்புகளையும் இழந்து, சில வாரங்களில் அதே டிஸ்க்கில் மீண்டும் சிக்கிக்கொள்வதில்தான் முடியும். ஆகவே டிஸ்க்கின் உடல்நிலையை முதலில் அறிய வேண்டும். வேறொரு கணினியில் இணைத்தோ, பென்டிரைவில் இருந்து லினக்ஸை ஓட்டியோ டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைப் பார்க்கலாம். பதிவு எண் 5 என்பது பழுதடைந்து ஏற்கெனவே மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் கணக்கு; எண் 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்களின் கணக்கு. ஆரோக்கியமான டிஸ்க்கில் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். மாமாவின் டிஸ்க்கில் 197ஆம் எண் நூறைத் தாண்டியிருந்தது.

இங்கே மூன்று வழிகளை ஒப்பிட வேண்டும். விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையை ஓட்டிச் சரிசெய்ய முயல்வது முதல் வழி. பலர் கை முதலில் போவது இதற்குத்தான். தேயும் டிஸ்க்கில் இது தவறான வழி என்பது என் உறுதியான கருத்து. அது நகல் எடுக்கும் கருவி அல்ல. கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்துவதற்காகப் பழுதான டிஸ்க்கிலேயே மீண்டும் எழுதும். இரண்டாவது, புதிய டிஸ்க்குக்கு முழு நகல் எடுப்பது. லினக்ஸில் உள்ள டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இதற்கென்றே எழுதப்பட்டது. நல்ல பகுதிகளை முதலில் வேகமாக வாரிக்கொண்டு, தடுமாறும் இடங்களைத் தள்ளி வைத்து, கடைசியில் அவற்றுக்குத் திரும்பி வரும்; எதுவரை படித்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதி வைப்பதால், இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். மூன்றாவது, தரவு மீட்பு நிலையத்துக்கு அனுப்புவது. செலவு பல மடங்கு; பல நேரம் கணினியின் விலையையே தாண்டும்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கோடு போடுவது டிஸ்க்கின் ஓசை. தடுமாறினாலும் அடையாளம் காட்டுகிற, தட்டும் ஓசை இல்லாத டிஸ்க்கை நாமே நகல் எடுக்கலாம், அல்லது அப்படி எடுக்கத் தெரிந்த கடையில் கொடுக்கலாம். 'டிக், டிக்' என்று சீராகத் தட்டும் டிஸ்க்கை உடனே அணைத்துவிட வேண்டும். அதன் படிக்கும் தலை பழுதாகியிருக்கக்கூடும், ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டின் மேற்பரப்பைச் சுரண்டக்கூடும். அப்போது கேள்வி ஒன்றே: இந்தக் கோப்புகளுக்காக அந்தச் செலவு செய்யத் தயாரா, இல்லையா? தயார் என்றால் வேறு எவரும் தொடுவதற்கு முன் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்; உள்ளூரில் நான்கு பேர் முயன்ற பிறகு அனுப்பினால் அவர்களாலும் காப்பாற்ற முடியாமல் போகலாம். டிஸ்க்கை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்று இன்னும் சொல்லித் திரிகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொண்டால் மிச்சமிருந்த வாய்ப்பும் போய்விடும்.

மாமாவின் டிஸ்க்கை, சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்கான ஒரு எஸ்எஸ்டிக்கு டிடிரெஸ்க்யூ மூலம் நகல் எடுக்க இரவு முழுவதும் ஆனது. காலையில் சில செக்டர்கள் மட்டுமே மீளாமல் நின்றன. பத்திரிகைக் கோப்புகள் முழுவதும் வந்துவிட்டன.

நகல் எடுத்த பிறகும் விண்டோஸ் எழாவிட்டால், பூட் பகுதியை மட்டும் சரிசெய்வதா, புதிதாக ஓஎஸ் ஏற்றுவதா என்ற ஒப்பீடு வரும். விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் இருந்து எழுப்பி, ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓட்டுவதும், அது தோற்றால் பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளைப் புதிதாக எழுதுவதும் அரை மணி நேர வேலை. நிறுவிய மென்பொருள்களும் எழுத்துருக்களும் அப்படியே இருக்கும். புதிதாக ஏற்றினால் இயந்திரம் சுத்தமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு மென்பொருளையும் மீண்டும் நிறுவ வேண்டும். வீட்டுக் கணினிக்கு அது பெரிய இழப்பல்ல. பேஜ்மேக்கர் 7 வெளிவந்தது 2001இல்; அதன் சிடியும், எழுத்துரு மென்பொருளின் சிடியும், பத்தாண்டுக்கு முன் யாரோ செய்து கொடுத்த கீபோர்டு அமைப்பும் மீண்டும் கைக்குக் கிடைக்குமா என்பது எந்த அச்சகத்துக்கும் பெரிய கேள்வி. ஆகவே இப்படிப்பட்ட கணினிகளில் பழுது நீக்கமே முதலில், புதிதாக ஏற்றுவது கடைசியில்.

புதிய கணினி வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. அண்மைக்கால விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருக்கிறது. சாவி மதர்போர்டிலோ பிராசஸரிலோ உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது. மதர்போர்டை மாற்றினாலோ, பயாஸ் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோனாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் செருகினாலோ 48 இலக்க மீட்புச் சாவியை அது கேட்கலாம். சாவி இல்லையென்றால் நல்ல டிஸ்க்கும் செத்த டிஸ்க்கும் ஒன்றுதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத்திரையில் நின்றபோது, ஒரு பாகம்கூடப் பழுதாகவில்லை. சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை நீக்கினால் போதுமாக இருந்தது. அந்த எளிய வேலைக்கும் பல இடங்களில் இந்தச் சாவியைத் தேடி அலைய வேண்டியிருந்தது. ஆகவே மேலே நான் பரிந்துரைத்த செல் மாற்றுவது உள்ளிட்ட வேலைகளைப் புதிய கணினியில் தொடங்குவதற்கு முன், மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று கைபேசியில் பார்த்துவிடுங்கள்.

இனி, மதர்போர்டு உண்மையிலேயே போய்விட்டது என்று மாற்றுப் பாகங்களை வைத்துப் பார்த்து உறுதியான பிறகு எடுக்க வேண்டிய முடிவு. முதல் வழி சிப் லெவல் சர்வீஸ், அதாவது போர்டில் உள்ள சிறு பாகங்களை மட்டும் மாற்றிப் பழுது நீக்குவது; அதைச் செய்பவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். கெப்பாசிட்டர் உப்பியது, மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் மாஸ்ஃபெட் எரிந்தது போன்ற, கண்ணுக்குத் தெரியும் பழுதுகளில் அவர்கள் கை தேர்ந்தவர்கள். இடி விழுந்து பல இடங்களில் அடிபட்ட போர்டையும், சிப்செட் வரை பழுது போன போர்டையும் அவர்களிடம் கொடுத்துக் காத்திருப்பது வீண். சரியானாலும் சில மாதங்களே ஓடும். இரண்டாவது வழி, அதே பிராசஸருக்குப் பொருந்தும் போர்டை வாங்குவது. எச்81 போர்டுகள், பெரிய நிறுவனங்கள் தயாரிப்பை நிறுத்திய பின்னும், சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் புதிதாகவே கிடைக்கின்றன. பழைய பிராசஸர், ராம், டிஸ்க் அனைத்தும் அப்படியே தொடரும். விண்டோஸ் 10 பெரும்பாலும் புதிய போர்டிலும் எழுந்துவிடும், லைசென்ஸை மட்டும் மீண்டும் உறுதிப்படுத்தச் சொல்லலாம். வாங்கும் முன் பழைய பிரின்டர் போர்ட் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாங்கிள் வைத்திருப்பவருக்கு அது இல்லாத போர்டு பயன்படாது.

மூன்றாவது, அலுவலகங்களில் ஓடி ஓய்ந்து சந்தைக்கு வரும் பழைய கணினி. இதில் நான் கோடு கிழிக்கும் இடம் இன்டெல் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது பெரும்பாலும் அதிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினியைச் சற்று மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர், மாமாவின் கணினி எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கும் இன்னொன்றைத்தான் வாங்குகிறார். அந்த அலுவலகக் கணினிகளின் குறை, எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருப்பது. பழுதானால் பக்கத்துக் கடையில் சாதாரண எஸ்எம்பிஎஸ் வாங்கிப் பொருத்த முடியாமல் போகும். வாரண்டியை எழுத்தில் வாங்காமல் அதை எடுக்க வேண்டாம்.

நான்காவது, புதிய கணினி. விண்டோஸ் 11, எஸ்எஸ்டி, மூன்றாண்டு வாரண்டி தரும் பாகங்கள் என்று எல்லாக் கணக்கிலும் அது முன்னால் நிற்கிறது. ஆனால் 2025 இறுதியில் இருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், ஓராண்டுக்கு முன் கேட்ட தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமே மிஞ்சும். வங்கிக் கணக்கும் வரிக் கணக்கும் இணையத்தில் பார்ப்பவருக்கு, ஆதரவு முடிந்த விண்டோஸைவிட இந்தச் செலவு நியாயமானது என்றே சொல்வேன். பழைய மென்பொருளை மட்டும் நம்பியிருப்பவருக்குப் புதிய கணினி பழையதற்குத் துணையாக வர வேண்டும், பதிலாக வரக் கூடாது. அவசரத்தில் வாங்கக் கூடாது.

மாமாவுக்கு நான் சொன்னதும் அதுதான். எஸ்எஸ்டியில் எழுந்த பழைய கணினி இணைய வயரைக் கழற்றிய நிலையில் பேஜ்மேக்கருக்கு மட்டும் என்று ஒதுங்கியது. மின்னஞ்சலுக்கும் ஜிஎஸ்டிக்கும், தீபாவளி கழிந்த பிறகு, நிதானமாகப் பார்த்து எட்டாம் தலைமுறைப் பழைய கணினி ஒன்றை வாங்கினார். புரூஃபைப் பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் எடுத்து அங்கிருந்து அனுப்புகிறார். வாரம் ஒரு முறை, சனிக்கிழமை கடை சாத்தும் முன், பத்திரிகைக் கோப்புறை முழுவதையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுகிறார். பழைய 500 ஜிபி டிஸ்க்கைத் தூக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை. மிச்சம் விழுந்த ஒரு பத்திரிகை உறையில் போட்டு, மேலே தேதியும் "படிக்காது, தொட வேண்டாம்" என்றும் எழுதிப் பீரோவில் வைத்திருக்கிறார்.